காருக்கு நான் மாட்டிய நீள மூக்கு

ஒரு குழாய் வாங்குவதற்காக மூன்று மாதம் படித்தவன் நான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஐந்தாம் படிவப் பரீட்சைக்குக்கூட நான் அவ்வளவு படித்ததில்லை (என் மதிப்பெண்களே அதற்குச் சாட்சி).

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தெப்ராவில் அப்பா அம்மாவோடு இருந்தேன். ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். சொந்தமாக ஒரு சின்ன கார் இருந்தது. நான்கு பேர் ஏறினால் மேட்டில் அதற்கு மூச்சு வாங்கும். எஞ்சினுக்குள் போகும் காற்று குளிர்ச்சியாக இருந்தால் வண்டி பறக்கும் என்று யாரோ ஒருவர் வீடியோவில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடையில் இரண்டு வகைக் குழாய்கள் இருந்தன. ஒன்று குட்டை. எஞ்சினுக்குப் பக்கத்தில் உயரமாக நிற்கும், ஆனால் எஞ்சின் சூட்டையே திரும்ப இழுக்கும். மற்றது நீளம். பம்பருக்குப் பின்னால் இறங்கி, முன் சக்கரத்துக்கு அருகில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வாயைத் திறந்துகொண்டிருக்கும். குளிர்ந்த காற்று அங்கேதான் கிடைக்கும். நான் காகிதத்தில் கட்டம் போட்டு, இரண்டின் நிறைகுறைகளையும் எழுதி, பச்சை மையால் டிக் அடித்து, கடைசியில் நீளமானதைத் தேர்ந்தெடுத்தேன். அது சிவப்பு நிறத்தில் இருந்தது என்பதுதான் உண்மையான காரணம்.

பட்டறை வைத்திருந்த சேகர் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, நம்ம ஊரு மழை ஊரு லா. பாஞ்சிர் வந்துச்சுன்னா இது காத்தையா இழுக்கும்? தண்ணியத்தான் இழுக்கும். அப்புறம் எஞ்சின் ஹாபிஸ், தீந்துச்சு. குட்டையானத போட்டுக்க.”

“வெள்ளத்துல யாருண்ணே கார் ஓட்டுவாங்க?” என்றேன். அப்போது என் முகத்தில் இருந்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் அறையத் தோன்றுகிறது.

குழாய் மாட்டியபின் காரின் வேகம் கூடியதோ இல்லையோ, சத்தம் கூடியது. பெடலை மிதித்தால் ‘ஹோ’வென்று ஒரு இழுப்பு. “ஏன்டா, காருக்கு ஆஸ்துமாவா?” என்று அப்பா கேட்டார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம், “பையன் காருக்கு மூக்கு மாத்தியிருக்கான்” என்று அவர் சொன்னதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதை நான் கேட்டிருக்கவே கூடாது.

அந்த ஆண்டுக் கடைசி மழையில் பெரியப்பா இறந்துபோனார். சிம்பாங் ரெங்கத்துக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு. தாத்தா சீக்கிரமே போய்விட்டதால் அப்பாவை வளர்த்தது அவர்தான். அண்ணனும் தம்பியுமாக மிஞ்சியிருந்தது அவர்கள் இரண்டு பேர் மட்டுமே.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை மூடுவதற்கு முன் கடைசியாக, உடன்பிறந்தவர்தான் இறந்தவரின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட வேண்டும். அதற்குப் பிறகுதான் மூடி. பதினோரு மணிக்கு மூடுவதாக ஏற்பாடு.

அம்மாவும் செலின் அக்காவும் விடியும்போதே அத்தான் காரில் கிளம்பினார்கள். அப்பாவுக்கும் அதில் இடம் இருந்தது. நான்தான் தொழிற்சாலையிலிருந்து போன் செய்தேன்.

“நீங்க இருங்கப்பா. ஷிப்ட் முடிஞ்சு நான் வந்து கூட்டிட்டுப் போறேன். நம்ம கார்ல ஒரு மணி நேரம் ஆகாது.”

அம்மா வேண்டாம் என்றாராம். அப்பாதான் கேட்கவில்லை. “புள்ள ராத்திரி முழுக்க முழிச்சிட்டு தனியாவா வருவான்?” என்று சொல்லி, அப்பா காரில் வைத்த காலை வெளியே எடுத்துவிட்டார்.

ஒன்பதரைக்குக் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் உண்மையாகவே பறந்தேன். அப்பா வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். சிம்பாங் ரெங்கத்தில் இறங்கித் தோட்டப் பாதைக்குள் திரும்பியபோது, பள்ளத்தில் சாலையைக் காணவில்லை. மில்க் டீ நிறத்தில் தண்ணீர். எங்களுக்கு முன்னால் ஒரு மலாய்க்காரப் பெரியவர் தன் பழைய காரை மெதுவாக ஓட்டி அக்கரை சேர்ந்தார்.

“வேணாம்டா, சுத்திப் போலாம். அரை மணி நேரம்தான கூட ஆகும்,” என்றார் அப்பா.

“அந்தக் காரே போயிருச்சுப்பா!”

அந்தக் காரின் மூக்கு மேலே, இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. என் காரின் மூக்கு தண்ணீருக்குள் இருந்தது. நடுப்பள்ளத்தில் ‘களக்’ என்று ஒரு சத்தம். யாரோ பெரிதாக ஒரு வாய் விழுங்கிய மாதிரி. அவ்வளவுதான். எஞ்சின் நின்றது. மூன்று மாதப் படிப்பும் அந்த ஒரு வாயில் போயிற்று.

மணி பத்து ஐம்பது. அத்தானைக் கூப்பிடலாம் என்றால் அதற்குள் அந்தப் பக்கமும் தண்ணீர் ஏறிவிட்டது. அக்கா வீடியோவில் அழைத்தாள்.

“எங்கப்பா இருக்கீங்க? ஃபாதருக்கு அடுத்து இன்னொரு பூசை இருக்காம், காத்திருக்க முடியாதாம். இதுலயே பாத்துருங்கப்பா.”

அப்பா போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். முதலில் மின்விசிறி தெரிந்தது. பிறகு யாரோ ஒரு அத்தையின் கொண்டை. பிறகு பெரியப்பாவின் கைகள், விரல்களில் சுற்றிய ஜெபமாலை. படம் மேலே நகர ஆரம்பித்து, சட்டைக் காலர் வரைக்கும் வந்து, அப்படியே உறைந்து போயிற்று.

“அண்ணே,” என்றார் அப்பா. கட்டைவிரலைத் தூக்கி, அந்தக் காலருக்கு மேலே, நெற்றி இருக்கும் என்று நினைத்த இடத்தில், திரையில் ஒரு சிலுவை போட்டார். மேலிருந்து கீழே வந்த விரல் சிவப்புப் பொத்தானில் பட்டு அழைப்பைத் துண்டித்துவிட்டது. அதன்பிறகு லைன் கிடைக்கவில்லை. அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

செம்பனைப் பழம் ஏற்றிய லாரி ஒன்று வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. கல்லறைக்குப் போனபோது பெட்டியைக் குழிக்கு அருகில் வைத்திருந்தார்கள். அப்பா முழங்கால் வரை சேற்றோடு போய் மூடியின் மேல் கை வைத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பினாங்கு மாமா ஒருவர், “என்னய்யா ஆச்சு?” என்று காதோடு கேட்டார். ‘குளிர்ந்த காற்று’ என்று ஆரம்பித்த நான், முடிக்க முடியாமல் அழுதேன்.

முப்பதாம் நாள் ஜெபத்தில் உறவினர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அப்பாவே ஆரம்பித்தார். “எங்க அண்ணன் சாவுக்கு எம்மவன் என்னை லாரியில கூட்டிட்டுப் போன கதை தெரியுமா?” காரின் மூக்கு, அது குடித்த தண்ணீர், பழக்குலைக்குப் பக்கத்தில் தன் வெள்ளைச் சட்டை என்று நடித்தே காட்டினார். முதலில் அம்மா சிரித்தார், பிறகு எல்லோரும். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருடைய கல்யாணமானாலும் இந்தக் கதை உண்டு.

ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் வளரும். சில ஆண்டுகளில் அதன் முடிவே மாறிவிட்டது. இப்போது அப்பா சொல்லும் கதையில் லாரி நேராக வீட்டு வாசலில் நிற்கிறது. பெட்டி திறந்தே இருக்கிறது. அப்பா சேற்றுக் காலோடு ஓடிப்போய் அண்ணன் நெற்றியில் சிலுவை போடுகிறார். அன்று அங்கே இருந்தவர்கள் அத்தனை பேரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் திருத்தியதில்லை.

போன கிறிஸ்துமஸில் என் மகள் இடையில் புகுந்து கேட்டாள்: “பெரிய தாத்தா நெத்தி சில்லுன்னு இருந்துச்சா தாத்தா?”

எதற்கும் பதில் வைத்திருக்கும் அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

“சில்லுன்னுதான்மா இருந்துச்சு,” என்றேன் நான். “நல்ல மழையில்ல அன்னைக்கு.”

“ஆமாமா, மழை,” என்றார் அப்பா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “சில்லுன்னு இருந்துச்சு.”