மூன்றாம் வரிசை, இடது ஓர நாற்காலி

அன்பும் மரியாதையும் கலந்து அத்தானுக்கு,

வணக்கம். இங்கே முழங்காலைத் தவிர நான் முழுவதும் நலம். அங்கே நீங்களும், உங்களோடு இத்தனை வருடம் குப்பை கொட்டும் என் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

"உன் மருமகள் அந்த நாவலை என்ன பாடுபடுத்தியிருக்கிறாள், மறைக்காமல் எழுது, அதை வைத்துத்தான் முதல் காட்சிக்கு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்" என்று கேட்டிருந்தீர்கள். மறைக்கப்போவதில்லை. அந்த நாவலை வருடம் தவறாமல் முதல் பக்கத்திலிருந்து படிப்பவர் நீங்கள். நில அளவைத் துறையில் இருந்த பழக்கத்தில், கதையில் வரும் ஊருக்கு வரைபடமே போட்டு வைத்திருப்பவர். அதை மேடையில் பாட்டு நாடகமாக்குவதற்கு முன் பெற்ற மகள் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது உங்கள் கோபம். அவளோ, "அப்பா பேப்பர் படிச்சிட்டிருந்தப்போ இடது பக்கம் வந்து நின்னு சொன்னேன் மாமா. தலையாட்டினாரு" என்கிறாள். அன்றிலிருந்து அப்பனும் மகளும் பேச்சில்லை. நடுவில் நான் தபால்காரன் ஆகிவிட்டேன்.

ஓய்வுபெற்ற பல் மருத்துவனுக்கு நாடகக் கொட்டகையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, மறந்துபோனவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலையை உங்கள் மகள் என் தலையில் கட்டியிருக்கிறாள். ஓடக்காரனாக வருபவன் உச்சத்தில் பாடும்போது மற்றவர்கள் கண் கலங்குகிறார்கள், எனக்கு அவன் கடைவாய்ப் பல்லில் இருக்கும் சொத்தை தெரிகிறது. நேற்று அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் நீதிபதியாக வருபவருக்கு வசனம் எடுத்துக்கொடுக்க மறந்துவிட்டேன், அந்த மனிதர் தன் மேடை மகளைப் பார்த்து "அதாவது... அதாவது..." என்று ஒரு பாட்டு நீளத்துக்கு இழுத்தார்.

அது என் தப்பு, போகட்டும். உங்கள் மகள் செய்திருப்பதைக் கேளுங்கள். எந்த அரங்கத்திலும் வாத்தியக்காரர்கள் மேடைக்கு முன்னால் நடுவில் உட்காருவார்கள், இவள் அத்தனை பேரையும் எழுப்பி, பார்ப்பவர்களுக்கு வலது கைப்பக்கமாகக் கொண்டுபோய் அடைத்துவிட்டாள். பாடுகிறவர்களும் அந்தப் பக்கம் ஒதுங்கித்தான் பாட வேண்டுமாம். ஏன் என்றால் "அப்படித்தான்" என்கிறாள், பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேடைக்குச் சாமான் வரும் பெரிய கதவும் அதே வலப்பக்கம்தான், அதன் குறுக்கே இப்போது டிரம்ஸ்காரர் குடித்தனம் நடத்துகிறார். படகு எப்படி உள்ளே வரும்? தச்சர் வந்து, "படகா, டிரம்ஸா, ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்கம்மா" என்றார். "ரெண்டும் வேணும்ணே" என்றாள். அவர் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டே படகை இரண்டாக அறுத்து, இடப்பக்கச் சின்னக் கதவு வழியாகக் கொண்டுவந்து, போல்ட் போட்டு இணைத்து, அடியில் சக்கரம் வைத்தார். நேற்று ஒத்திகையில் காதல் பாட்டு நடுவில் போல்ட் கழன்று, முன்பாதியில் ஓடக்காரன் ஒரு பக்கம் உருண்டு போனான், பின்பாதியில் நீதிபதியின் மகள் இன்னொரு பக்கம் போனாள். நாவலில் அவர்கள் கடைசி அத்தியாயத்தில்தான் பிரிகிறார்கள் அத்தான், இங்கே இடைவேளைக்கு முன்னாலேயே பிரிந்துவிட்டார்கள்.

இசையமைப்பாளர், "எல்லாச் சத்தமும் ஒரே பக்கம்னா மத்தவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்று கேட்டுவிட்டுக் கோபமாக வெளியேறினார், மழை பெய்துகொண்டிருந்ததால் உடனே திரும்பி வந்தார். உங்கள் வரைபடத்தில் ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் நீதிமன்றம், வாத்தியக்காரர்களுக்கு இடம் விட்டு மேற்கே குடிபெயர்ந்துவிட்டது. இது போதாதென்று மூன்றாம் வரிசையில் இடது ஓர நாற்காலியை யாருக்கும் விற்கக் கூடாது என்று துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்து, அரங்க மேலாளர் அதைத் தினமும் தானே துடைக்கிறார்.

எல்லாவற்றையும் விட மழை அத்தியாயம். மழையைத் தவிர ஒன்றுமே நடக்காத அந்த அத்தியாயம்தான் நாவலின் உயிர் என்பீர்கள். இவள் அதில் ஒரே ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஆற்றில் விட்டுவிட்டாள். அந்த வரியையே திரும்பத் திரும்பப் பாடுகிறார்கள்.

குறையாகவே எழுதிவிட்டேன், ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அவள் இளைத்துவிட்டாள். நின்றுகொண்டே சாப்பிடுகிறாள். தினமும் "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்பாள், கொஞ்ச நேரம் கழித்து "வீட்ல மத்தவங்க?" என்பாள். வீட்டில் மற்றவர் ஒரே ஒருவர்தான். எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொல்கிறேன்: வராதீர்கள். வந்தால் உங்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும், அவளுக்கு மனசு உடையும், நடுவில் எனக்கு இரண்டும் நடக்கும்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். உங்கள் ஆசி எனக்கும், என்னைவிட அவசரமாக அந்தப் படகுக்கும் தேவை.

என்றும் உங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் கடைசி ஒத்திகைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்று என்னை ஸ்டூலிலிருந்து எழுப்பி, அந்த நாற்காலியின் துணியை எடுத்து, "மாமா, இதுல உட்காருங்க. இடது காதை நல்லா மூடிக்கிட்டு மழைப் பாட்டு முழுசும் கேளுங்க. வார்த்தை புரியுதான்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். "எதுக்கும்மா?" என்றேன். "சும்மாதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூடிக்கொண்டேன். "மழைக்கு யாரையும் அடையாளம் தெரியாது, அதனால்தான் எல்லார் வீட்டுக்கும் வருகிறது." தூறல் விழுந்தால் போதும், ஜன்னலருகே நின்று நீங்கள் சத்தமாகச் சொல்லி எங்கள் உயிரை எடுப்பீர்களே, அதே வரி. ஒரு எழுத்து விடாமல் என் வலது காதில் வந்து விழுந்தது.

அத்தான், உங்கள் இடது காது கேட்காது என்பது குடும்பம் முழுவதற்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பதுதான் உங்களுக்குத் தெரியாது. உங்கள் மானம் போகக் கூடாதென்று யாரும் வாயைத் திறக்காமல், நடந்தாலும் உட்கார்ந்தாலும் உங்கள் வலப்பக்கமே வந்துவிடுவோம். அன்று பேப்பரில் விழும் ஜன்னல் வெளிச்சத்தை மறைக்கக் கூடாதென்று அவள் ஒரே ஒரு தடவை இடப்பக்கம் நின்றுவிட்டாள். அதற்குத்தான் இப்போது ஒரு மேடையையே வலப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள்.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டாயம் வாருங்கள். படகு மறுபடி பிரிந்தால் கண்டுகொள்ளாதீர்கள். திரை விழுந்ததும் அவள் வந்து உங்கள் வலப்பக்கத்தில் நிற்பாள். பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்று மட்டும் இந்தத் தடவை சொல்ல முடியாது.