முன்னாள் அதிபரும் ஃபவுண்ட்ரி தெருத் தண்ணீரும்

பெல்டன், ஒஹாயோ
ஜூலை 19

மரியாதைக்குரிய டெல்பர்ட் மாமாவுக்கு, தங்கள் தங்கை மகள் டெஸ்ஸா எழுதுவது. ஃபவுண்ட்ரி தெருவில் அனைவரும் சுகம், குழாய்த் தண்ணீரைத் தவிர. அரிசோனா வெயிலில் தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

முன்னாள் அதிபர் வெண்டல் க்ராஸ்பி பிறந்த வீட்டில் நான் வழிகாட்டியாக இருப்பது தாங்கள் அறிந்ததே. பால் போட்டவர், நகரசபை உறுப்பினர், ஆளுநர், அதிபர் என்று அவர் வாழ்க்கையைத் தினம் ஆறு முறை ஒப்பிக்கிறேன். முதல் தேர்தலில் நம் தெருவின் ஈயக் குழாய்களை மாற்றுவதாகச் சொல்லி ஒன்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார், ஐம்பது வருடமாகியும் அதே குழாய்தான், அக்காவின் கைக்குழந்தை ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார், இந்த லட்சணத்தில் போன வாரம் அந்த மனிதரே நேரில் வந்து தாகம் என்றார், நானும் குழாயைத் திறந்து, பழுப்பாக வந்ததை ஒரு தம்ளர் பிடித்து நீட்டினேன்.

“என்னம்மா, ஐஸ் டீயா?”

“தண்ணிங்க ஐயா. நீங்க மாத்தித் தர்றேன்னு சொன்ன குழாய்ல வந்தது.”

மேலாளர் ஃபிலிஸ் என் முழங்கையைக் கிள்ளினார்.

“அடடா, அதை மறந்தே போயிட்டேனே!”

“எங்களுக்கு எப்படிங்க மறக்கும்? தினம் குடிக்கிறோமே.”

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். “இப்ப நான் போன் பண்ணா எவனும் எடுக்க மாட்டான். செவ்வாய்க்கிழமை நகரசபைக் கூட்டத்துல யாரு வேணும்னாலும் மூணு நிமிஷம் பேசலாம். வரிசைல நிப்போம், வர்றியா?”

நின்றோம். உலகத்தையே மிரட்டிய மனிதர் பால் போட்ட கதையில் ஆரம்பித்தார். கதையில் அவர் உயர்நிலைப் பள்ளியில் சேர்வதற்குள் சபைக் குமாஸ்தா மணியடித்துவிட்டாள்.

“உக்காருங்க ஐயா. அதிபரா இருந்தாலும் மூணு நிமிஷந்தான்.”

அடுத்து நான். குழந்தையின் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாசித்தேன். நாற்பது நொடி. மீதி நேரம் முழுக்க சபை உறுப்பினர்கள் ஏழு பேரையும் பார்த்தபடி சும்மா நின்றேன். குழாய் மாற்றும் தீர்மானம் நாலுக்கு மூன்று ஓட்டில் நிறைவேறியது மாமா!

ஆனாலும் ஓட்டுக் கேட்டு நிற்கும் எவரையும் இனி ஜென்மத்துக்கும் நம்புவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறேன். அத்தைக்கு என் வணக்கம். தங்கள் முழங்காலுக்கு ஆண்டவன் துணை.

டெஸ்ஸா

பி.கு.: மேலே உள்ள சத்தியத்தைப் படித்ததும் கிழித்துவிடவும். தோண்டும் வேலையை அடுத்த சபைதான் தொடங்குமாம். நவம்பர் நகரசபைத் தேர்தலில் நிற்க இன்று காலை மனு கொடுத்துவிட்டேன். வரும் கோடைக்குள் குழாய் மாறாவிட்டால் என்னைக் கேளுங்கள் என்று கதவுக்குக் கதவு என் போன் நம்பரை ஒட்டியிருக்கிறேன். முதல் அழைப்பும் வந்தாயிற்று, அடுக்களையிலிருந்து அம்மா. “ஏன்டி, எப்ப மாத்துவே?”