ஒயினுக்கு வந்த புற்றுநோய்

எங்கள் ப்ளோவ்டிவ் நகரில் ஒரு சொட்டுச் சிவப்பு ஒயினுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வந்தது. மூன்றே நிமிடத்தில் குணமும் ஆனது. கைராசி என்னுடையது!

சிரிக்காதீர்கள். வைத்தியர் கார்வனோவின் வாசலில் நின்ற பெண்களின் வரிசைக்கு வால் அடுத்த மாவட்டத்தில் இருந்தது. ஒவ்வொருவர் கையிலும் வைத்தியருக்கென்று வீட்டில் வடித்த ஒயின். அவர் வந்தவள் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை நுண்ணோக்கியில் வைப்பார். திரையில் நோய் எதிர்ப்பு அணுக்கள் நெளியும்.

"வீரர்கள் கட்டிக்குள்ள புகுந்துட்டாங்க. இனி கீமோ எதுக்கு?"

எல்லோருக்கும் இதே வாக்கு. கூடவே ஒரு புட்டி 'வீரத் தைலம்'.

இதை நம்பித் திங்கட்கிழமை கீமோவை விடத் துணிந்தாள் பக்கத்து வீட்டு ருமியானா. முப்பத்தோரு வருடம் ஆய்வகத்தில் புற்றுக்கட்டிகளைச் சீவியவள் நான். சும்மா இருப்பேனா?

"அடியே, சினைப்பைப் புற்று ஒரே ரகம் இல்லடி. ஒரு ரகத்துல அணுக்கள் கல்யாணப் பந்தி மாதிரி உள்ள மொய்க்கும். உன்னோட ரகத்துல பெரும்பாலும் வாசல்லயே நின்னுடும். அதையும் கட்டியை வெட்டிச் சாயம் போட்டுத்தான் பாக்கணும். விரல் ரத்தத்துல தெரியாது!"

"மரித்ஸா ஆத்துல திமிங்கலம் பிடிச்சேன்னு சொன்னவதானே ஸ்தான்கா நீ?"

நானும் அவளோடு கிளம்பினேன். ருமியானாவின் சொட்டில் வீரர்கள் அமோக வெற்றி. அடுத்து நான்.

"நானே குத்திக்கிறேன் தம்பி, பழகின கை."

அவர் திரைப் பக்கம் திரும்பினார். மேசையிலிருந்த காணிக்கை ஒயினில் விரலை விட்டுக் கண்ணாடித் துண்டில் தொட்டு நீட்டினேன். ருமியானா வாய் பிளந்தாள்.

அவர் அதை வைத்துப் பார்த்து உச்சுக் கொட்டினார். "சினைப்பையில கட்டிம்மா! பயப்படாதீங்க, வீரர்கள் உள்ள போயாச்சு."

"அப்போ குடிக்கலாமா?" கண்ணாடியை உருவி நக்கினேன். "நல்ல ஒயின் தம்பி!"

நுண்ணோக்கி காலி. திரையில் வீரர்கள் இன்னும் நெளிந்துகொண்டிருந்தார்கள்! திரையின் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். அது மேசைக்கடியில் வீடியோ ஓடிய பெட்டிக்குப் போனது.

நான் போட்ட சத்தத்தில் வரிசை உள்ளே பாய்ந்தது. பெண்கள் தங்கள் ஒயினை எடுத்துக்கொண்டார்கள். சிலர் அடுத்தவள் ஒயினையும். பின்வாசல் வழியே பாய்ந்த கார்வனோவ் தலைநகர் சோபியா போய்த்தான் மூச்சு விட்டார்.

திங்கட்கிழமை கீமோ அறையில் இதைச் சொன்னேன். அறையே சிரித்தது.

"அளக்காதீங்கக்கா!"

"சரி, நம்பாதீங்க. என்னையும் நம்பாதீங்க. யாராவது திரையைக் காட்டினா, கம்பி எங்க போகுதுன்னு மட்டும் பாருங்க."

கையில் ஊசியோடு படுத்திருந்த ருமியானா பெருமூச்சு விட்டாள்.

"திமிங்கலம் பொய்தான். ஒயின் நெசம். நானே பாத்தேன்."