இறங்கிக்கொண்டே போன வயலின் விலை

அன்பும் மதிப்பும் மிகுந்த அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மச்சினன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அது மரியாதைக்கு எழுதியது. இப்போது நிஜமாகவே நலம். வேலை போய்விடும், குடும்பத்தோடு உங்கள் மாடி அறைக்கு வந்துவிடுவோம் என்று புலம்பியிருந்தேனே, அதை மறந்துவிடுங்கள். வேலை பிழைத்தது. மாடி அறையை நீங்கள் தாராளமாக வாடகைக்கு விடலாம். அக்காவிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள், பாவம், சரியாகத் தூங்கியிருக்கமாட்டாள்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் விலைவாசி அலுவலகத்தில் ஆளுக்கொரு சாமான் என்று பிரித்துக் கொடுத்தபோது, சோப்பு, செருப்பு எல்லாம் செல்வாக்குள்ளவர்களுக்குப் போய், தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் வித்தியாசம் தெரியாத எனக்கு இசைக்கருவிகளும் அவற்றின் உதிரிகளும் வந்து சேர்ந்தன என்பது உங்களுக்குத் தெரியும். மாதாமாதம் அதே கடைக்குப் போய், அதே வயலின், அதே கம்பி, அதே வில் என்ன விலை என்று கேட்க வேண்டும். வேறொன்றை மாற்றிக் கேட்கக் கூடாது. அலுவலக ஆள் என்று மூச்சுவிடக் கூடாது, வாங்க வந்தவன் மாதிரியே கேட்க வேண்டும், அப்போதுதான் கடைக்காரர் உள்ள விலையைச் சொல்வார் என்பது எங்கள் விதி. நானும் கேட்டேன், எழுதினேன். விலை மாதத்துக்கு மாதம் இறங்கிக்கொண்டே வந்தது. எனக்கென்ன, இறங்கினால் இறங்கட்டும் என்று எழுதிக்கொண்டே இருந்துவிட்டேன். ஊரில் சோப்பு ஏறுகிறது, செருப்பு ஏறுகிறது, பஸ் கட்டணம் ஏறுகிறது, வயலின் மட்டும் சறுக்குமரத்துக் குழந்தை மாதிரி இறங்கினால் மேலதிகாரி சும்மா இருப்பாரா? கூப்பிட்டார். "நிஜமாவே கடைக்குப் போனீங்களா, இல்ல வீட்டுல காலை நீட்டிக்கிட்டு எழுதினீங்களா?" என்றார். அன்றைக்குத்தான் உங்களுக்கு அந்தக் கடிதம் எழுதினேன்.

நேற்று அவரே என்னைக் கடைக்குக் கூட்டிப் போனார். என்னை வாசலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே போய் வயலின் விலையைக் கேட்டார். கடைக்காரர் சொன்னது நான் எழுதியதைப்போல இரண்டு மடங்கு. அதிகாரி திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் என் பென்ஷன் பொசுங்கிப்போனது. "இவருக்கு மட்டும் எப்படிப் பாதி விலை?" என்று அவர் கைகாட்டிக் கேட்க, கடைக்காரர் அப்போதுதான் என்னைக் கவனித்தார். "அட, அவரா? அவருக்கு வேற விலை சார். மாசம் தவறாம வருவாரு. இதே வயலினைத்தான் பார்ப்பாரு, விலை கேப்பாரு, ஒரு பெருமூச்சு விட்டுட்டு வெறுங்கையோட போயிடுவாரு. மனசு கேக்கல சார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொறைச்சுச் சொன்னேன். கம்பி, வில்லு எல்லாத்துலயும் கொறைச்சேன். அப்பவும் பாவம், வாங்க முடியல" என்றார். அத்தான், அந்தப் பெருமூச்சு அவர் கடையின் மாடிப்படி ஏறியதால் வந்த மூச்சு.

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். 'மோசடி இல்லை, விலை கேட்டவரின் முகமே காரணம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போன உயிர் திரும்பி வந்தது. இப்படியொரு முகத்தைக் கொடுத்ததற்காக அப்பா அம்மாவுக்கு முதன்முறையாக மனதுக்குள் நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னால் என் மனைவி சிரிக்கவில்லை. "இவ்ளோ ஆசைய உள்ளுக்குள்ளயே வெச்சிருந்தீங்களா? என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆசையில்லை, அது உத்தியோகம் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். வயிறாரச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி எழுந்து இதை எழுதும்,

உங்கள் மச்சினன்.

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரத்தில் மனைவி வெளியிலிருந்து வந்தாள். கையில் அந்த வயலின். கடைக்காரர் எனக்குச் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டு, அவளோடு சேர்ந்து அவரும் கண்கலங்கினாராம். அடுத்த மாதம் நான் விலை கேட்க வேண்டிய வயலின் இப்போது என் கட்டில்மேல் கிடக்கிறது. அதற்குப் பதிலாக எதைக் கேட்டாலும் விலை எகிறும், அதிகாரி மறுபடி கூப்பிடுவார், அதைக்கூடச் சமாளித்துக்கொள்வேன். ஆனால் எனக்கு வாசிக்க வராது என்று தெரிந்ததும், வாங்கியது வீணாகக் கூடாதென்று அவளே கற்றுக்கொள்ளத் தொடங்கிவிட்டாள். மாடி அறையை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். இந்த முறை நான் மட்டும்தான் வருகிறேன்.