சின்னராசாவின் சிம்மாசனம்

“இந்தப் பொட்டி மேல ஒக்காந்து நான் ராசாவா நடிக்க மாட்டேன்” என்று சின்னராசா கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டான்.

அழகையா திரை இடுக்கால் திடலை எட்டிப் பார்த்தார். நாடகம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கருக்குமலைத் தோட்டத்துச் சனமெல்லாம் கோயில் திடலில் சாக்கை விரித்து இடம் பிடித்தாகிவிட்டது.

“ஏன்டா, போன வருசமும் தேயிலைப் பொட்டியிலதானே ஒக்காந்த?”

“ஒக்காந்தேன். ‘மலையேழும் எனதாகுமே’ன்னு கைய விரிச்சுப் பாடுறப்ப பலகை முறிஞ்சு உள்ள போயிட்டேன். கால் ரெண்டும் மட்டும்தான் வெளிய நின்னுச்சு. இன்னிக்கும் கொழுந்து எடுக்குற பொம்பளைக என்னைப் ‘பொட்டிராசா’ன்னுதான் கூப்புடுறாளுக. எனக்கு நாற்காலி வேணும் வாத்தியாரே. கை வச்ச நாற்காலி.”

அழகையா வருடம் முழுவதும் பங்களாவில் அப்பு. தோட்டத்துத் துரைக்குச் சமைத்துப் பரிமாறுகிறவர். வருடத்தில் ஒரு நாள் மட்டும் நாடக வாத்தியார். ‘சத்தமில்லாம நட’, ‘சத்தமில்லாம வை’ என்று கேட்டுக் கேட்டுச் சுருங்கிப்போன தொண்டையைத் திறக்க அவருக்கு அந்த ஒரு நாளை விட்டால் வேறு கதியில்லை. அதுவும் ஞாயிற்றுக்கிழமைப் பகலில்தான். ராத்திரியில் கூத்து வைத்தால் மறுநாள் விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆள் வராது என்று துரை தடை போட்டிருந்தார். விடியற்காலையில் சனத்தை வேலைக்கு எழுப்புகிற அதே தப்பு மேளம்தான், அன்று ராஜாவைச் சபைக்கு அழைக்க வேண்டும்.

சனம் குடியிருக்கும் லயத்தில் நாற்காலிக்கு எங்கே போவது? பள்ளிக்கூடத்து நாற்காலிக்குக் கால் மூன்று. முன்வரிசையில் பெரிய கங்காணி சிவஞானத்துக்குப் போட்டிருந்ததே ஒரு நீள வாங்குப் பலகைதான்.

பங்களா வராந்தாவில் ஒன்று இருந்தது. கையும் முதுகும் செதுக்கு வேலை செய்த, கருத்த பெரிய நாற்காலி. லீவு கேட்கவும் முறையிடவும் போகிறவர்கள் வாசலில் நிற்பார்கள். துரை அதில் உட்கார்ந்து ‘இல்லை’ என்பார். கல்யாணமான நாளிலிருந்து அதைத் துடைத்துவரும் அழகையா, ஒரு தடவைகூட அதில் உட்கார்ந்ததில்லை.

துரை வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போனவர். திங்கட்கிழமைதான் திரும்புவார்.

“வேணாங்க” என்றாள் அவர் மனைவி ஜெயலெட்சுமி. “தொரைக்குத் தெரிஞ்சா பத்துச்சீட்டக் கையில குடுத்து வெளிய அனுப்பிருவாரு. வேலையும் போகும், இருக்குற அறையும் போகும். மூணு புள்ளைகளோட நான் எங்க போறது?”

“சாயங்காலத்துக்குள்ள திரும்பி வந்துரும்” என்றார் அழகையா. நாற்காலியைத்தான் சொன்னார்.

மேளக்காரர்கள் இரண்டு பேர் அதைப் போர்வையால் மூடித் தேயிலைக்குள் புகுந்து தூக்கி வந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு யாரோ சீக்காளியை மருந்துக் காம்பராவுக்குக் கொண்டுபோகிற மாதிரி இருந்தது.

“வாத்தியாரே, தோட்டத்தையெல்லாம் கவுர்மெண்டு எடுக்கப் போகுதுன்னு பதுளை டவுன்ல பேசிக்கிறாங்களே, மெய்யா?” என்று தூக்கி வந்தவர்களில் ஒருவன் கேட்டான்.

“ரெண்டு வருசமாப் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. நீ கால் இடிபடாமத் தூக்கு.”

தப்பு முழங்கியது. திரை விலகியது. சின்னராசா நாற்காலியில் அமர்ந்திருந்தான்.

அந்த நாற்காலியின் முன்னால் நிற்காத கால் அங்கே எது? பெரிய கங்காணி தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு பாதி எழுந்தேவிட்டார். மேலே இருப்பது கவ்வாத்து வெட்டும் சின்னராசா என்று கண்ணுக்குப் புலப்பட்ட பிறகுதான் திரும்ப உட்கார்ந்தார்.

“அப்பு, இது எங்கேருந்து வந்துச்சு?” என்று திரையோரம் நின்ற அழகையாவிடம் கேட்டார்.

“பதுளையில வாடகைக்கு எடுத்தேனுங்க.”

“அப்படியா? அடுத்த வருசம் எனக்கும் ஒண்ணு சொல்லிவை.”

கங்காணி பாதி எழுந்ததைச் சின்னராசா பார்த்துவிட்டான். அதற்குப் பிறகு அவனைப் பிடிக்க முடியவில்லை. முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் நாற்காலிக் கைகளில் வைத்து, ஒரு காலை மற்றக் காலின் மேல் போட்டான்.

“மந்திரி! நாளை முதல் நமது நாட்டில் பெரட்டு எட்டு மணிக்கு!”

நாடகத்தில் அப்படி ஒரு வசனமே இல்லை. திடல் அதிர்ந்தது.

“மந்திரி! மழை நாளில் கொழுந்து எடுக்கச் சொல்பவனை மழையிலேயே நிற்க வை!”

பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த குலவைச் சத்தம் நமுனுகுல மலைக்கே கேட்டிருக்கும். அன்றைக்கு அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் பிற்பாடு கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். சின்னராசாவும் போனான். இன்றைக்கும் அங்கிருந்து கடிதம் போடுகிறவர்கள், சுகம் விசாரித்து முடித்ததும் அந்தப் பகல் நாடகத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அன்று அழகையா திரைக்குப் பின்னால் நின்று கண் கலங்கிப் போயிருந்தார்.

அப்போதுதான் மலை ரோட்டில் அரிச்சந்திர வளைவில் கார் தெரிந்தது.

“தொரை காரு!” என்றான் மத்தளக்காரன்.

அழகையாவுக்கு உயிர் பாதி போய்விட்டது. எப்படியாவது ராஜாவை எழுப்பி, நாற்காலியைத் திரைக்குப் பின்னால் இழுத்துவிட வேண்டும். தூதன் வேஷக்காரனை மேடைக்குத் தள்ளினார்.

“மன்னா! எதிரிப் படை வருகிறது! எழுந்து ஓடுங்கள்!”

“வரட்டும்! உட்கார்ந்தபடியே வெல்வேன்!” என்றான் சின்னராசா. சனம் கைதட்டியது.

அடுத்து ராணி போனாள். ராணி என்றால் தபால்காரப் பையனின் மாமாதான், மீசையை மழித்துக்கொண்டு. “அத்தான்” என்று கொஞ்சிக்கொண்டே போய், முந்தானையால் நாற்காலியை மறைக்கப் பார்த்தார். முந்தானை ராஜாவின் தலையையும் சேர்த்து மூடியது. திடலில் சீழ்க்கை பறந்தது. உள்ளேயிருந்து, “யோவ், மூச்சு முட்டுதுய்யா” என்று ராஜா கத்தினான்.

கடைசியில் அழகையாவே ஒரு காவித் துண்டைச் சுற்றிக்கொண்டு முனிவராகப் பாய்ந்தார்.

“அடே அரசா! இந்தக் கணமே அரியணை விட்டிறங்கி வனம் போகக் கடவாய்!”

“வனவாசம் அடுத்த காட்சியிலதானே வாத்தியாரே?”

“இப்பவே போடா, ஒனக்குப் புண்ணியமாப் போகும்!”

முன்னால் இருந்த வேலாயிக்குப் பொறுக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். “பாவம், இன்னிக்குத்தான் ஒழுங்கா ஒக்காந்திருக்கான். ஏன்யா ஆளாளுக்கு வந்து அவன வெரட்டுறீங்க?”

“வெரட்டாதே! வெரட்டாதே!” என்று திடலே சேர்ந்துகொண்டது.

அந்தச் சத்தத்துக்குள் துரை நடந்து வந்து நின்றார். தொப்பி இல்லை. கூட வரும் நாயும் இல்லை. பார்த்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெரிய கங்காணி பழக்க தோஷத்தில், “தொரைக்கு நாற்காலி கொண்டாங்கடா!” என்று கத்தினார். எல்லாருடைய கண்ணும் மேடைக்குப் போனது. கங்காணி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சின்னராசா எழுந்து சலாம் போட்டான். கிரீடம் உருண்டு துரையின் சப்பாத்துக் காலுக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

துரை அதைக் குனிந்து எடுத்தார். தூசியைத் தட்டி அவனிடம் நீட்டினார்.

“எழும்ப வேணாம். ராஜா உக்காருங்க.”

துரை பேசும் தமிழ் எல்லாருக்கும் தெரியும். ‘வா’, ‘போ’, ‘எடு’, ‘இல்லை’. அவர் வாயிலிருந்து ‘உக்காருங்க’ வந்ததும் அழகையாவுக்குக் குளிர் எடுத்தது. மரியாதை கொடுத்துப் பேசுகிற அளவுக்குக் கோபமென்றால், அது எப்பேர்ப்பட்ட கோபம்!

துரை சுற்றிலும் பார்த்தார். சின்னராசா வேண்டாமென்று ஒதுக்கிய தேயிலைப் பெட்டி ஓரமாகக் கிடந்தது. அதை முன்வரிசைக்கு இழுத்து, கைக்குட்டையால் துடைத்து, அதன்மேல் உட்கார்ந்தார்.

“சரி, ஆடுங்க” என்றார்.

ஆடினார்கள். ராஜா நாட்டை இழந்து மரவுரி உடுத்திக் காட்டுக்குப் போன காட்சியில் துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் ராஜாவுக்குக் கிரீடம் திரும்பக் கிடைத்தபோது முதலில் கைதட்டியதும் அவர்தான். அழகையாவுக்கு அது ஒன்றும் மனதில் ஏறவில்லை. பத்துச்சீட்டும், ஜெயலெட்சுமியின் முகமும்தான் மாறி மாறி வந்தன.

நாடகம் முடிந்து துரை சனத்தோடு பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அழகையா காரடிக்கு ஓடினார். டிரைவர் மொஹிதீன் கதவில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். பதுளைக்காரர், அழகையாவின் கையால் எத்தனையோ நாள் தேத்தண்ணி குடித்தவர்.

“நானா, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். தொரை வர்றதுக்குள்ள அந்த நாற்காலிய கார்ல ஏத்தி வராந்தாவுல வச்சுருவோம். இல்லாட்டி நாளைக்கு எனக்குப் பத்துச்சீட்டுதான்.”

“காருக்குள்ள எடமில்ல அழகையாண்ணே. பூரா வெறும் பொட்டி ஈக்கிது. நாளைக்கி சாமான் கட்டோணும்.”

“யாரு சாமான்?”

மொஹிதீன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். திடலில் கிரீடத்தைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்த சின்னராசாவை ஒரு பார்வை பார்த்தார்.

“தொரைட சாமான்தான். நேத்தோட தோட்டத்த கவுர்மெண்டு எடுத்துட்டுது. இப்ப இந்தத் தோட்டத்துல ஒக்கார நாற்காலி ஈக்கிற ஒரே ஆள் ஒங்கட சின்னராசாதான்.”