சப்பாத்துப் பெயிண்டரும் பெரிய கங்காணியும்

அந்தக் காலத்து ஈப்போவில் மனிதனுக்குக் கௌரவம் கொடுத்தது சர்க்காரும் இல்லை, சாமியும் இல்லை, சப்பாத்துப் பெயிண்டர்தான்.

நான் கணக்குப்பிள்ளையாக இருந்த துணிக்கடைக்கு அடுத்த கதவு அவருடையது. ஆளை உட்காரவைத்துப் படம் எழுதுவார். சரிகை, பொத்தான், கடிகாரச் சங்கிலி, காலில் போடும் சப்பாத்து எல்லாவற்றையும் வாரக்கணக்கில் இழைப்பார். முகத்தை மட்டும் கடைசி நாளில், கோப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுவார்.

"மூஞ்சி எல்லாருக்கும் இருக்குலா. சப்பாத்து எத்தன பேருக்கு இருக்கு?" என்பார்.

சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெரிய கங்காணி இந்தப் புகழைக் கேட்டு வந்தார். வெள்ளைக்காரத் துரை முன்னால் சப்பாத்துப் போட்டு நிற்கக் கூடாது என்பது அவர்கள் தோட்டத்துச் சட்டம். படத்திலாவது போட்டுக்கொள்ள ஆசை. கோட்டு, கால்சட்டை, கையில் தொப்பி, கண்ணாடி போல் மின்னும் சப்பாத்து எல்லாம் அமைந்து, படம் அவர் வீட்டுச் சுவரில் ஏறியது.

தீபாவளிக்கு வந்த துரை படத்தைப் பார்த்தார். குனிந்து தம் சப்பாத்தைப் பார்த்தார். அதில் தோட்டத்துச் சேறு. "யாரு இது?" என்றார்.

வேலை போனது என்று கங்காணிக்கு உள்ளங்கால் வரை வியர்த்தது. "நீங்கதான் தொரை! மூஞ்சி இன்னும் முடியல" என்று உளறிவிட்டார்.

மறுநாளே படத்தோடு ஈப்போவுக்கு ஓடிவந்தார். "அண்ணே, என் மூஞ்சிய எடுத்துட்டு தொரை மூஞ்சிய வெச்சுக் குடுங்க. இல்லாட்டி என் சோத்துல மண்ணு!"

"இவ்வளவுதானா? சப்பாத்த மாத்தச் சொல்வீங்களோன்னு பயந்துட்டேன்."

எந்தத் துரை என்றுகூடப் பெயிண்டர் கேட்கவில்லை. சிவப்பைக் குழைத்தார், மீசை வைத்தார், முடிந்தது. கைகளை மறந்துவிட்டார், அவை கறுப்பாகவே இருந்தன. சப்பாத்தில் மயங்கிய துரை அதைக் கவனிக்கவே இல்லை. படத்தைப் பங்களாவில் மாட்டிக்கொண்டார்.

வேலை தப்பியது. ஆனால் கங்காணி வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறார் என்று அவர் மனைவி சொல்லியனுப்பினார். பெயிண்டர் சாயப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போய்ப் பார்த்தேன். வேட்டியோடு, வெறுங்காலோடு கங்காணி உட்கார்ந்திருந்தார். பெயிண்டர் முகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "சும்மா இருக்க மாட்டேங்குது இந்த மூஞ்சி!" என்று திட்டுவார், அழிப்பார், மறுபடி எழுதுவார்.

முடிந்த படத்தைப் பார்த்துக் கங்காணி கூசினார். "காலெல்லாம் வெடிப்பா இருக்கே, அண்ணே?"

"காடெல்லாம் நடந்த காலு. வேற எப்படி இருக்கும்?"

கங்காணியின் மனைவி படத்தை வெகுநேரம் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "இப்பத்தான் எங்க வீட்டு ஆளு மாதிரி இருக்காரு."

பெயிண்டர் காசு வாங்க மறுத்துவிட்டார். "அக்கா, மீன் கொழம்பு கொஞ்சம் கூடவே ஊத்துங்க" என்று இலை முன் உட்கார்ந்தார். சட்டை கிழிசல், கையெல்லாம் சாயம். அன்றைக்குப் பேராக் மாநிலம் முழுவதிலும் அவரைவிடப் பெரிய மனிதர் ஒருவர் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.