இரண்டாயிரம் வேலையும் உன் வண்டியும்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனருக்கு, உன் அக்காவைக் கட்டிக்கொண்டவன் எழுதிக்கொண்டது. நீ நலமென்பதைப் போனிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாங்கள் நலமா என்பதை அரசாங்கம் இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறது.

"ஆலையையே மூடிட்டாங்க, இன்னும் எந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க அத்தான்? வண்டி அனுப்பறேன், சாமானை ஏத்திக்கிட்டு வந்து என் கடையில உட்காருங்க" என்று நீ சொல்லி ஏழு மாதமாகிறது. அரசாங்கம் எங்களைக் கைவிடாது என்று வீறாப்புப் பேசியவன் நான்தான். டப்பா ஆலை நானூறு பேரை வீட்டுக்கு அனுப்பிய பத்தாம் நாளே அமைச்சர் வந்தாரே, 'இந்த வட்டாரத்தில் இரண்டாயிரம் புதிய வேலைகள்' என்று வாசலில் பெரிய பலகை வைத்தாரே, அதை நம்பித்தான். பலகை நட்ட இரண்டு பேருக்கு அன்றைக்கே வேலை கிடைத்தது. பிறகு ஒரு குழு வந்தது, அந்தக் குழு சொன்னதை ஆராய இன்னொரு குழு வந்தது, கடைசியில் டப்பா மூடிகளை அடுக்கி வைத்திருந்த எங்கள் கிடங்குக்கு வெள்ளையடித்து, கண்ணாடித் தடுப்பு வைத்து, குறைகேட்கும் தொலைபேசி மையமாக்கினார்கள். தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. ஆலைக்காரர்களுக்கு முன்னுரிமை, மூன்று வாரம் பயிற்சி. நானும் பயிற்சியில் போய்ச் சேர்ந்தேன்.

பயிற்சி கொடுத்த பெண், "வணக்கம், உங்களுக்கு என்ன உதவி வேணும்?" என்று தேனாகச் சொல்லிக் காட்டினாள். அதையே நான் சொன்னதும் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு, "சார், நீங்க போனே இல்லாம பேசலாம், கேட்டுடும்" என்றாள். என் மேல் என்ன தப்பு மச்சான்? இருபத்தெட்டு வருஷம் தகரம் நசுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு இரண்டே பாஷைதான் தெரியும், ஒன்று கத்தல், இன்னொன்று கை. உள்ளங்கையைக் காட்டினால் நிறுத்து, விரலைச் சுழற்றினால் ஓட்டு. உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிப்போம். உன் அக்காவிடம் கல்யாணப் பேச்சு எடுத்ததே அப்படித்தான். நான் டப்பா வரிசை, அவள் எதிரே மூடி வரிசை. என்னைக் காட்டினேன், அவளைக் காட்டினேன், டப்பாவுக்கு மூடிபோல முஷ்டியின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக் காட்டினேன். அவள் உள்ளங்கையைக் காட்டினாள். செத்தேன் என்று நினைத்தேன். அரை மணி நேரம் வந்த டப்பாவெல்லாம் கோணல். ஷிப்ட் முடியப் போகும்போது நிமிர்ந்து பார்த்து, மெதுவாக விரலைச் சுழற்றினாள். மொத்த ஆலையும் கைதட்டியது, இயந்திரச் சத்தத்தில் அது எங்கள் காதிலேயே விழவில்லை. அந்தச் சத்தம் இப்போது எனக்கு வேண்டும்போல் இருக்கிறது. வீடு அநியாயத்துக்கு அமைதியாக இருக்கிறது.

போகட்டும், பயிற்சி முடிவில் வைத்த நேர்முகத் தேர்வுக்கு வருகிறேன். போன வாரம் அதற்குப் போகும்போது, படிக்கப் போட்டுக்கொள்ளும் மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனேன். உன் அக்கா எடுத்துக்கொண்டு ஓடிவந்து கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றாள். உள்ளே பெரிய அதிகாரி, "மூணு நாளா தண்ணி வரலைன்னு ஒருத்தர் கண்டபடி திட்டுறாரு, என்ன செய்வீங்க?" என்றார். வெளியே பார்த்தால் அவள் உதட்டில் விரலை வைத்தாள். "வாயை மூடிக்கிட்டுக் கேட்பேன் சார்" என்றேன். அவர் தலையாட்டினார். "அவர் முடிச்சதும்?" அவள் உள்ளங்கையில் எழுதிக் காட்டினாள். "தெரு, வீட்டு நம்பர் எல்லாம் எழுதிக்குவேன் சார்." "மறுநாளும் தண்ணி வரலைன்னா?" அவள் தன் நெஞ்சைத் தொட்டு, கையைக் காதில் வைத்தாள். "அவர் கூப்பிடறதுக்கு முன்னாடி நானே கூப்பிட்டுச் சொல்லிடுவேன் சார்." "பிரமாதம்! ஆனா ஏன் என்னைப் பார்க்காம வெளியவே பார்க்கறீங்க?" என்று அவர் பக்கவாட்டில் திரும்பினார். அவள் கை இன்னும் காதில்தான் இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். "இங்க பேசறது வெளியில கேட்குதாம்மா?" என்றார். "கேட்கலை சார், உங்க வாயைப் பார்த்தேன்" என்றாள் தைரியமாக. தகவல் அனுப்புகிறோம் என்று இருவரையும் அனுப்பிவிட்டார்கள். அவள் பெயரையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்கள், என் மேல் புகார் எழுத சாட்சி வேண்டுமே.

ஆகவே மச்சான், வீறாப்பு தீர்ந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டியை அனுப்பு. நேற்று உன் அக்காவிடம் சொன்னேன். பாத்திரம் துலக்கியபடியே, திரும்பாமல், ஈர உள்ளங்கையைக் காட்டினாள். அவள் நிறுத்தச் சொல்லி நான் நிறுத்தாதது இதுதான் முதல் தடவை. எனக்கும் இந்தத் தெருவை விட்டு வர மனசில்லை, ஆனால் வேறு வழியும் தெரியவில்லை.

உன் மனைவிக்கு எங்கள் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, மூடாத ஆலையாகப் பார்த்து வேலைக்குப் போக எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அக்கா வீட்டுக்காரர்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடக் கிளம்பினேன், தபால்காரர் எதிரே வந்து ஒரு கவரை நீட்டினார். நியமன உத்தரவு. என் பெயர் இல்லை, உன் அக்கா பெயர். இரண்டாயிரத்தில் ஒன்று வந்துவிட்டது! அவள் கடைக்குப் போய்விட்டுத் தெருக்கோடியில் வந்துகொண்டிருந்தாள். எனக்குக் கத்தத் தோன்றவில்லை. தாளை உயர்த்தினேன், அவளைக் காட்டினேன், கையைக் காதில் வைத்தேன். பையைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். பிறகு மெதுவாக விரலைச் சுழற்றினாள். வண்டியை அனுப்பாதே. அவள் வேலைக்குச் சேரும் திங்கட்கிழமை காலை அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நான் நிற்க வேண்டும், கேள்வி கஷ்டமாக இருந்தால் அவள் யாரைப் பார்ப்பாள்?